உப்புத்தாள் கட்டிய பந்தயம்

என் கணவரை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. உப்புத்தாள் என்றுதான் சொல்வார்கள். இரும்பைத் தேய்ப்பது அவர் தொழில் என்பதால் மட்டுமல்ல, அந்த வாயும் அப்படித்தான். மோட்டார் சைக்கிள் பிரேமைப் பவுடர் கோட்டிங்குக்குக் கொண்டு வருகிறவர்கள் முதலில் அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். பிறகுதான் என்னிடம் வந்து கலர் அட்டையைப் பார்ப்பார்கள். "இது வண்டியா, எண்ணெய்ச் சட்டியா? இதைக் குளிப்பாட்டி எத்தனை வருஷமாச்சு?" என்பார். அவர்களும் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். வேலை சுத்தமாக இருக்கும் என்று தெரியும், வேறென்ன.

பட்டறையில் நாங்கள் இரண்டே பேர். சுத்தம் செய்வது அவர் பாடு, பவுடர் அடித்து அடுப்பில் ஏற்றுவது என் பாடு. சோடா கலந்த சுடுநீரில் முதலில் பிசுக்கை எடுப்பார். பிறகு மணல் ரூமுக்குள் கொண்டுபோய், கம்ப்ரசர் காற்றோடு பொடிக்கல்லைப் பீய்ச்சியடித்து, பெயிண்ட், துரு எல்லாவற்றையும் உரித்துவிடுவார். வெளியே வரும்போது பிரேம் சாம்பல் வெளுப்பில் பளிச்சென்று இருக்கும். அதை யாராவது வெறுங்கையால் தொட்டால் போச்சு. வியர்வை பட்ட இடத்தில் துரு ஏறிவிடுமாம். ஒரு நாள் நானே மறந்துபோய்த் தொட்டுவிட்டேன். கட்டிய பெண்டாட்டி என்றுகூடப் பார்க்கவில்லை, குதிகுதியென்று குதித்தார். அன்றைக்கு அவருக்கு டீ கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அப்படிப்பட்ட மனிதர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதைத்தான் சொல்ல வந்தேன்.

என் தங்கை ஒரு வெல்டர். அவள் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். எங்கேயோ கடலோரத்தில் ஒரு கப்பல் பட்டறையில் அவளை வரச் சொல்லியிருந்தார்கள். வருகிறேன், வரவில்லை என்று அன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அவளுக்குப் போக மனமே இல்லை. எனக்கும் அவளை அனுப்ப மனமில்லை. அவளும் போய்விட்டால் நாள் முழுக்க நான் இந்த உப்புத்தாளோடுதான் உரசிக்கொண்டு கிடக்க வேண்டும். இவரிடம் பட்டறையில் இடம் கேட்டுப் பார்க்கலாம் என்று தன் வண்டியின் பிரேமையும் தூக்கிக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டாள். கழற்றிப் போட்ட வண்டி, கலர் மாற்ற வேண்டும். ஒரு காலத்தில் அது இவருடைய வண்டி. அவளுக்கு முதல் வேலை கிடைத்தபோது இவர்தான் சந்தோஷமாகச் சாவியைக் கொடுத்தார்.

"மாமா, ஜன்னலோரம் பழைய இரும்பு குவிஞ்சு கெடக்குதே, அந்த மூலையை எனக்குக் கொடுங்க. உடைஞ்சு வர்ற பிரேமை எல்லாம் இங்கேயே நான் ஒட்டித் தரேன்."

"எதுக்கு? சின்னச் சின்ன வெல்டிங்கை நான்தான் போட்டுடறேனே. என் வெல்டிங்குக்கு என்ன குறைச்சல், சின்னவளே?"

"குறைச்சல்னு நான் சொன்னேனா? என்னோடதைப் பாத்துட்டுச் சொல்லுங்க. இந்த பிரேம்ல சீட்டுக்கு அடியில, ரெண்டு குழாய் சேர்ற எடத்துல நான் வெல்டு வச்சிருக்கேன். பெயிண்ட்டை உரிச்சுட்டுப் பாருங்க. மயிரிழை விரிசல் இருந்தாலும் மூட்டையைக் கட்டிட்டுக் கப்பலுக்குப் போயிடறேன். இல்லேன்னா மூலை எனக்கு."

"பந்தயமா?"

"பந்தயம்தான்."

"ஏன்டி, மூலை கேக்க வந்தவ கேட்டுட்டுப் போகாம இதென்னடி சூதாட்டம்? நீங்களும்தான், சின்னப் பொண்ணுகிட்டப் போய் மல்லுக்கு நிக்கறீங்களே!" என்று இருவரையும் பிடித்துக் கத்தினேன். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? அவர் பாட்டுக்குப் பிரேமைத் தொட்டியில் போட்டு ஊற வைத்துத் தேய்த்தார். அப்புறம் முகமூடியை மாட்டிக்கொண்டு மணல் ரூமுக்குள் நுழைந்தார்.

உள்ளே கம்ப்ரசர் சத்தம் திடீரென்று நின்றது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"எவன்டா இங்க புட்டிப் பசையை அப்பினது? சைடு ஸ்டாண்டு பிடிக்கிற எடத்துல இவ்வளவு புட்டி! அடுப்புல வச்சா அம்புட்டும் வெடிச்சு உரிஞ்சு வரும். வெல்டு வைக்கத் தெரியாதவன் பண்ற வேலை இது. அசிங்கத்தை மறைக்க மேல மெழுகிட வேண்டியது. இவனை எல்லாம் நிக்க வச்சு..."

"மாமா, அது நான் பண்ணதில்ல," என்றாள் தங்கை.

"பின்ன எவன்?"

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "நான் சொல்லவா? நமக்குக் கல்யாணமான புதுசு. ஸ்டாண்டு ஒடைஞ்சு போச்சுன்னு வாசல்ல உக்காந்து ஒருத்தர் நாள் பூரா வெல்டு வச்சாரு. பக்கத்து வீட்டு ஆளுங்களைக் கூப்பிட்டு வேற காட்டினாரு. ஞாபகம் வருதாங்க?"

அவர் பிரேமைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அசடு வழிந்தது. சும்மா விடுவாரா மனிதர்? "அது அந்தக் காலத்துப் புட்டி. நல்ல புட்டி," என்றாரே பார்க்கலாம்! தங்கை ஸ்டூலிலிருந்து கீழே விழாத குறை.

"சிரிங்க, சிரிங்க. மேலதான் புட்டி, உள்ள வெல்டு கல்லு மாதிரி நிக்கும். அந்த மண்ணெண்ணெயை எடுங்க."

கண்ணுக்குத் தெரியாத விரிசலைப் பிடிக்க அவர் வைத்திருக்கும் வழி அது. மறுபடியும் உள்ளே போய் மிச்சப் பெயிண்ட்டையும் புட்டியையும் உரித்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு வெல்டிங் மேலும் மண்ணெண்ணெயைத் தடவி ஊற விட்டார். பிறகு துளிகூட ஈரமில்லாமல் துடைத்துவிட்டு, மேலே சாக்பொடியைப் பூசினார். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளைப் பொடியில் கோடு போட்டுக் காட்டிவிடும். காத்திருக்க வேண்டியதுதான் வேலை.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தங்கை போனைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். அவர் மட்டும் எதுவுமே நடக்காததுபோல் உட்கார்ந்து, திருகு ஓட்டைகளை அடைக்கும் ரப்பர் மூடிகளைப் பொறுக்கிப் பிரித்தார். சின்ன மூடியைப் பெரியதோடு போட்டுக் குழப்பியதைப் பார்த்தபோதுதான் அவருக்கும் உள்ளே உதைக்கிறது என்று தெரிந்தது.

எழுந்து போய் முதலில் பார்த்தவர் அவர்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"கோடு விழுந்திருக்கு," என்றார்.

தங்கை ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "எங்க மாமா?"

நான் ஓடிப்போய்க் குனிந்தேன். சீட்டுக்கு அடியில் சாக்பொடி வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது. கோடு விழுந்தது ஸ்டாண்டுப் பக்கம். கல்யாணமான புதிதில் ஊரையே கூட்டிக் காட்டிய வெல்டிங்கின் நடுவில், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை.

"ஐயோ, கடவுளே!" என்று தரையிலேயே உட்கார்ந்து சிரித்தேன். தங்கை என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "இதையா நீ இத்தனை வருஷமா ஓட்டினே, சின்னவளே? நான் கொடுத்த வண்டி. ஏதாவது ஆகியிருந்தா நான் என்ன பண்ணுவேன்?" என்றார். குரல் உடைந்திருந்தது. அவரை அப்படிப் பார்த்ததும் என் சிரிப்பும் நின்றுவிட்டது.

"ஒண்ணும் ஆகலையே, மாமா. கொஞ்சம் தள்ளிக்குங்க," என்றாள் அவள்.

மண்ணெண்ணெயை ஒட்டத் துடைத்துவிட்டு, கிரைண்டரால் அந்தப் பழைய வெல்டிங்கை அடியோடு அரைத்து எடுத்தாள். புதிதாக வெல்டு வைத்தாள். அவர் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு, ஆச்சரியம்தான், வாயைத் திறக்காமல் நின்றார். ஆறிய பிறகு மறுபடியும் மண்ணெண்ணெய், மறுபடியும் சாக்பொடி. இந்தத் தடவை ஒரு புள்ளிகூட நனையவில்லை. பிரேமைத் திரும்பக் கழுவி, உலர்த்தி, மணல் ரூமுக்குள் கொண்டுபோய் அடித்துக்கொண்டு வந்தார். ரப்பர் மூடிகளைச் செருகிக் கொக்கியில் மாட்டிக் கொடுத்தார். அவள் கேட்டது மஞ்சள். "கண்ணு கூசுது," என்று முணுமுணுத்தார். நான் பாட்டுக்கு அடித்து அடுப்பில் ஏற்றிவிட்டேன்.

பந்தயத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூட வரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டுவிடலாம் என்று நான் திரும்பிய நேரத்தில் ஒருவர் முறிந்துபோன பிரேக் பெடலோடு வாசலில் வந்து நின்றார். வழக்கமாக வருகிற ஆள். அதே சமயம் தங்கையின் போனும் அடித்தது. கப்பல் பட்டறை. அவள் எடுக்காமல் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் ஒட்டிக் கொடுங்களேன்," என்று அந்த ஆள் பெடலை நீட்டினார்.

இவர் அதைக் கையில் வாங்கவே இல்லை.

"எனக்கு வெல்டிங் வராதுங்க. அந்த மூலையில இருக்காங்க பாருங்க, அவங்ககிட்ட கொடுங்க."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தங்கை போனைக் காதில் வைத்தாள். "மன்னிச்சுக்குங்க சார், என்னால வர முடியாது. கடையில ஆள் நிக்கறாங்க, வச்சிடறேன்."