காலடியில் நாற்பது அடி

என் பழைய கண்ணாடி மேல் நானே உட்கார்ந்துவிட்டேன். புதிது வாங்க ராயபுரத்தில் ஒரு கடைக்குப் போனால், அங்கிருந்த பெண், தூரத்துக்கு ஒன்று, படிக்க ஒன்று என்று எதற்கு, புரோகிரசிவ் லென்ஸ் போட்டால் எல்லாம் ஒன்றிலேயே வந்துவிடும் என்றார். மேல்பக்கம் தூரத்துக்கு, நடுப்பக்கம் கைக்கெட்டும் தொலைவுக்கு, கீழ்ப்பக்கம் படிக்க. குறுக்கே கோடு இருக்காது, அதனால் வயசும் தெரியாதாம். இந்தக் கடைசி விஷயத்துக்காகவே வாங்கினேன். என்ன வேலை என்று கேட்டதற்கு, "ஹார்பர் பக்கம்" என்று கெத்தாகச் சொன்னதோடு சரி.

நான் திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறேன். நாற்பது அடி உயரத்தில் கூண்டு, காலடியில் கண்ணாடித் தரை. முழங்கால்களுக்கு நடுவே கீழே பார்த்தபடி, தொங்கும் இரும்புச் சட்டத்தைக் கண்டெய்னரின் நாலு மூலை ஓட்டையிலும் உட்காரவைக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை புதுக் கண்ணாடியோடு ஏறிக் கீழே பார்த்தேன். கண்டெய்னரைக் காணோம். நீல நிறத்தில் யாரோ கேசரி கிண்டி வைத்திருந்தார்கள். சட்டத்தை அப்படியே நிறுத்தினேன். வாக்கி டாக்கியில் கீழே நிற்கும் சிக்னல்காரன் கத்தினான்.

"இன்னா மாமு, தூங்கிட்டியா?"

"மூலை தெரியலபா."

"எந்த மூலை?"

"எந்த மூலையுமே."

நிமிர்ந்தால் எண்ணூர் புகைபோக்கி பளிச்சென்று தெரிந்தது. எங்கோ இருக்கும் புகைபோக்கி தெரிகிறது, காலடிக் கண்டெய்னர் தெரியவில்லை என்றால், மூளையில்தான் ஏதோ என்று முடிவுகட்டினேன். வயிறு சரியில்லை என்று புளுகி, வேறு ஆபரேட்டரை ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வியாழக்கிழமை கம்பெனியில் கண் பரிசோதனை. அதில் தோற்றால் கூண்டு போச்சு. கேட்டில் நின்று லாரிகளுக்குச் சல்யூட் அடிக்கவேண்டியதுதான். மாதா கோயிலுக்கு வெள்ளிக் கண் நேர்ந்துகொண்டேன். ஒன்று போதுமா, ஜோடியாகத்தான் வைக்கவேண்டுமா என்ற கவலையில் செவ்வாய் போயிற்று.

புதன் காலை, எதற்கும் இருக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சமையலறைவரை நடந்து பழகினேன். கேஸ் சிலிண்டர் என் கால்விரலைக் கண்டுபிடித்தது.

"யோவ், இன்னா பண்ணிகினு கீற?" என்றாள் மனைவி.

"கண்ணு போயிட்டா பழக்கம் வேணாமா?"

"கண்ணு போறதுக்குள்ள காலு பூடும் போல கீதே!" என்று கடைக்கே இழுத்துப் போனாள்.

கடைப்பெண் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"வேலையில எங்க பாப்பீங்க?"

"கீழ."

"எவ்ளோ தூரம்?"

"நாப்பது அடி."

அவர் பேனாவை வைத்துவிட்டார். "சார், லென்ஸ்ல கீழ இருக்கறது புக்கு படிக்கிற பவர். அது வழியா நாப்பது அடிக்கு அந்தாண்ட பாத்தா எப்படித் தெரியும்?"

"தலையை நல்லாக் குனிஞ்சா?"

அவர் என் தொப்பையைப் பார்த்தார்.

மனைவிதான் சொன்னாள்: "ஊருல அல்லாருக்கும் தூரம் எதிர்ல கீது. இந்த ஆளுக்கு மட்டும் காலுக்குக் கீய கீதும்மா."

கிரேனுக்கென்று, முழுக்கத் தூரம் மட்டும் காட்டும் தனிக் கண்ணாடி அன்று மாலையே தயாரானது. வீட்டுக்கும் தெருவுக்கும் புரோகிரசிவ். வியாழக்கிழமை பரிசோதனையில் ஜெயித்தேன். அங்கே எழுத்துப்பலகை எதிர்ச்சுவரில் நேராகத் தொங்கியது. அதைக் கேசரிக் கண்ணாடியிலேயே படித்திருப்பேன். மூன்று நாள் செத்துப் பிழைத்ததெல்லாம் வீண்.

வெள்ளிக்கிழமை கூண்டில் ஏறிக் கீழே பார்த்தேன். நாலு மூலையும் இருந்தன. சட்டம் ஒரே தடவையில் டக்கென்று உட்கார்ந்தது.

"சூப்பர் மாமு! அல்லாம் தெரியுதா?"

"ஹெல்மெட்டத் தொடைடா. காக்கா எச்சம் கீது."

அவன் கழற்றிப் பார்த்துவிட்டு, மேலே என்னைப் பார்த்துக் கும்பிட்டான்.