சொட்டை நிறுத்தப் போன ஞாயிறு

சமையலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்தபோது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் மனைவி எடுத்துக்கொண்டாள். அடியில் ஒரு பாத்திரத்தை வைத்தாள், சத்தம் கூடியது. குழாய் வாயில் துணியைக் கட்டினாள், துணி சொட்டியது. கடைசியில் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு விடுமுறை நாளிலும் விடுமுறை கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். அதில் ஒருவர் சட்டை கசங்காமல் குழாயைக் கழற்றி, தேய்ந்துபோன ரப்பர் வாஷரை மாற்றி, சிரித்துக்கொண்டே திரும்ப மாட்டினார். "முதலில் தண்ணீரை நிறுத்திக்கொள்ளுங்கள்" என்பதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் வீட்டில் அது அவ்வளவு சுலபம் போலிருக்கிறது.

கணபதிப் பகுதியில் நாங்கள் இருப்பது மாடி வீடு. கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும். லேத் பட்டறை நடத்தி ஓய்வு பெற்றவர் அவர். இந்த வீட்டுக்குக் குழாய் இழுத்ததெல்லாம் அவர் சொற்படிதான். மொட்டைமாடித் தொட்டிக்கு அடியில் மூன்று வால்வுகள் வரிசையாக நின்றன. எது எந்தக் குழாய்க்கு என்று எழுதிவைக்கும் அற்பத்தனம் அவரிடம் இல்லை.

"எழுதோணுமாக்கும்? லைனு பூராவும் என்ற மண்டைக்குள்ள இருக்குதுங்க தம்பி" என்றபடி, முழங்கை நீளத்தில் ஒரு ரெஞ்சோடு மேலே வந்தார்.

அவர் காட்டிய முதல் வால்வை மூடினேன். சமையலறையிலிருந்து மனைவி, "இன்னும் சொட்டுதுங்க!" என்றாள்.

"அப்ப அது பாத்ரூமு லைனுங்க" என்றார், சற்றும் கலங்காமல்.

இரண்டாவதை மூடினேன். கீழேயிருந்து அவர் மனைவி, "ஏனுங், பாத்திரம் தேச்சிட்டிருக்கறேன், தண்ணி நின்னு போச்சு!" என்று கத்தினார். அதைத் திறந்துவிட்டோம். மண்டைக்குள் மிச்சமிருந்தது ஒரே ஒரு வால்வுதான்.

அது துருவேறி அசைய மறுத்தது. "தள்ளுங்க தம்பி, இதெல்லாம் உங்குளுக்கு ஆகாது" என்று ரெஞ்சைப் பூட்டி ஒரு திருகு திருகினார். வால்வு மூடியது. கூடவே கைப்பிடியும் தண்டோடு முறிந்து அவர் கைக்கு வந்தது.

"நின்னு போச்சுங்க!" என்று மனைவி சந்தோஷமாகக் கூவினாள்.

"பாத்தீங்ளா?" என்றார் அவர், முறிந்த கைப்பிடியைப் பரிசுக் கோப்பை போலப் பிடித்துக்கொண்டு.

இரண்டு வீட்டிலும் எல்லாக் குழாயிலும் தண்ணீர் நின்றுவிட்டிருந்தது. அவர் முறித்தது மொத்த வீட்டுக்குமான வால்வு. திரும்பத் திறக்க, பிடிப்பதற்கு அதில் எதுவும் மிஞ்சவில்லை. பிளம்பருக்குப் போன் போட்டோம். அவர் சோமனூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். "நாளைக்குக் காலைல வாரேனுங்க" என்றார். பின்னணியில் நாதஸ்வரம் எங்களைக் கேலி செய்வது போலக் கேட்டது.

நாங்கள் மேலே நின்று யோசித்துக்கொண்டிருக்கையில், கீழே அவர் மனைவி தன் பங்குக்கு யோசித்திருக்கிறார். குழாயில் தண்ணீர் வராவிட்டால் தொட்டி காலி என்றுதானே பொருள்? மோட்டாரைப் போட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் தொட்டி நிரம்பி, வழியும் குழாய் வழியாக, அன்று காலையில்தான் நான் துடைத்து நிறுத்தியிருந்த ஸ்கூட்டர் மேல் கொட்டியது. வீட்டுக்குள் கை கழுவத் தண்ணீர் இல்லை. வாசலில் குளிக்கலாம்.

வழிகிறதைப் பிடிக்கலாமே என்று, வழியும் குழாய்க்கு அடியில் வைக்கப் பெரிய பாத்திரங்கள் எடுக்க மனைவி ஓடினாள். சிங்கின் அடியிலிருந்து இட்லிக் குண்டானையும் பெரிய அண்டாவையும் இழுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனுங்க, இங்க வாங்க. இது என்னதுங்க?"

சுவரில், அந்தக் குழாய்க்கென்றே தனியாக ஒரு சின்ன வால்வு. வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார்.

"அட, ஆமாங்க அம்மணி! நாந்தான் வெக்கச் சொன்னேன். எப்பவாச்சும் குழாயி ரிப்பேருன்னா, இதை மட்டும் மூடிக்கிட்டாப் போதுமில்லீங்களா?"

அவர் குரலில் இருந்தது வெட்கம் அல்ல, பெருமை. எனக்கு வாயில் வந்ததை நான் சொல்லவில்லை. கொங்கு நாட்டில் அதையும் ஒரு 'ங்க' சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்திருக்கும். மனைவிக்கோ சிரிப்பு வந்துவிட்டது. அண்டாவைக் கட்டிக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து நானும் சிரித்தேன். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே அவரும் மரியாதைக்குச் சிரித்தார்.

வாஷரை மாற்றினேன். வீடியோக்காரரே பாராட்டியிருப்பார், ஊரிலேயே அவ்வளவு முழுமையாகத் தண்ணீரை நிறுத்திவிட்டு வேலை பார்த்தவன் நானாகத்தான் இருப்பேன். அன்று முழுக்கக் கீழே அந்த அம்மா மோட்டார் போட, மேலே நாங்கள் வழிகிற தண்ணீரைக் குடம் குடமாகப் பிடித்து இரண்டு வீட்டுக்கும் சுமந்தோம்.

மறுநாள் காலை பிளம்பர் வந்து புது வால்வு மாட்டினார். வீட்டுக்காரர் அவர் தலைக்குமேல் நின்று, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று வழி சொல்லிக்கொண்டே இருந்தார். பிளம்பர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஐயா, நீங்க கீழ போயி ஒரு காப்பி குடிச்சுப்போட்டு வாங்க. ரெஞ்சையும் எடுத்துக்கிட்டுப் போயிருங்க."