மழைக்காகத் தோண்டிய குழி

சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். பாதியில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். இது நடந்தது. ஐப்பசி மாதம், பட்டப்பகலில், கூப்பிடு தூரத்தில் பத்துப் பேர் நின்றுகொண்டிருக்கும்போதே நடந்தது. நடுராத்திரி, புளியமரம், வெள்ளைச் சேலை என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. சந்தேகம் இருந்தால் பாப்பாரப்பட்டிக்குப் போய், ஜேசிபி ஓட்டுகிற முனிராஜ் யார் என்று கேளுங்கள். டீக்கடையில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

முனிராஜின் ஊர் கரகன்கொட்டாய். பாப்பாரப்பட்டியிலிருந்து நாலு கிலோமீட்டர். மூன்று வருஷமாக அங்கே மழை இல்லை. போர்வெல்லில் ஆயிரம் அடிக்குக் கீழேயும் புகைதான் வந்தது. மாட்டை விற்றார்கள். மரவள்ளி காய்ந்து விறகானது. இந்த மாதிரி நேரத்தில் எங்கள் பக்கத்துச் சில ஊர்களில் ஒரு பேச்சு கிளம்பும். உடம்பில் வெண்படை இருந்த யாரையோ எரிக்காமல் புதைத்துவிட்டார்கள், அதனால்தான் வானம் வாயை மூடிக்கொண்டது என்பார்கள். அப்புறம் அந்தப் பிணத்தைத் தோண்டி எடுத்துக் கொளுத்துவார்கள். தோல் வெளுத்ததற்கும் மேகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுப் பாருங்கள், அடிக்க வருவார்கள்.

கரகன்கொட்டாயில் அந்தப் பேச்சு அமுதவல்லி தலையில் விழுந்தது. பாவம், தையல்காரி. பாதி ஊருக்கு ஜாக்கெட் தைத்தவள். கையிலும் கழுத்திலும் வெண்படை. பத்து மாதம் முன்னால் தர்மபுரியில் காய்ச்சலில் செத்துப்போனாள். சாவுக்கு ஊர் போகவில்லை. அம்மா கண்ணம்மாளும் கண்ணம்மாளின் தம்பியும் மட்டும் சாயங்காலம் ஒரு வேனில் வந்து, ஏரிக்கரைச் சுடுகாட்டு ஓரத்தில் மண்ணை மேடு கட்டிவிட்டுப் போனார்கள்.

அந்த மேட்டைத் தோண்ட மண்வெட்டியோடு போக யாருக்கும் தைரியம் இல்லை. ஊர்ப் பெரியவர் சென்னப்பன் முனிராஜுக்குப் போன் போட்டார்.

"வண்டிய எடுத்துக்கிட்டு வாப்பா. கை படாம முடிச்சிரலாம்."

கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மனைவி மலர்விழி தடுத்தாள். "அந்தக்கா தச்ச ஜாக்கெட்டதான் இப்பவும் போட்டிருக்கறேன். போவாதீங்க."

"நான் போவலன்னா வேற ஒருத்தன் வருவான்" என்றான் முனிராஜ். செய்யக்கூடாததைச் செய்யப் போகிறவன் எப்போதும் சொல்கிற வசனம் அது. போனான்.

வியாழக்கிழமை காலை பத்து மணி. பக்கெட்டை இறக்கினான். இரண்டடியில் ஒரு சேலை வந்தது. பச்சைச் சேலை, மடித்தது மடித்தபடி. அதன் கீழே ஒன்றும் இல்லை.

"இன்னும் போடு" என்றார் சென்னப்பன்.

மூன்றடி. நாலடி. வெறும் மண். ஆறடியில்தான் பக்கெட் பல்லில் எலும்பு தட்டியது. அள்ளிக் கரையில் கொட்டினான். வெள்ளை வெளேரென்று இருந்தது. "பத்து மாசத்துல இவ்வளவு சுத்தமா ஆயிருமாப்பா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கேபினில் உட்கார்ந்திருந்த முனிராஜ் இன்னொன்றையும் பார்த்தான். மணிக்கட்டு எலும்பு இரண்டும் பிரியாமல் சேர்ந்தே கிடந்தன. துருப்பிடித்த கம்பி ஒன்று அவற்றைச் சுற்றியிருந்தது. வேலிக் கம்பி. மண்ணோடு வந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

சென்னப்பனும் அந்தக் கம்பியைப் பார்த்தார். அதுவரை அதட்டிக்கொண்டிருந்த மனுஷன் அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. டயரைப் போட்டு, டீசலை ஊற்றி, நெருப்பையும் அவரே வைத்தார். ரோட்டோரம் கண்ணம்மாள் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்றவள் மண்ணை வாரித் தூற்றுவாள், மாரில் அடித்துக்கொண்டு அழுவாள் என்று பயந்திருந்தார்கள். அவள் அழவே இல்லை. குழியை மூடக்கூட யாரும் நிற்கவில்லை. அவரவர் வீட்டுக்கு ஓடினார்கள்.

திங்கட்கிழமை மழை பிடித்தது.

ஊர் கூத்தாடியது. நனைந்துகொண்டே பட்டாசு வெடித்தார்கள். மூன்றாம் நாள் கூத்து நின்றது, மழை நிற்கவில்லை. விதைக்கு வைத்திருந்த ராகி மூட்டையிலேயே அழுகியது. துவைத்த துணி காயாமல் வீடெல்லாம் வாடை. பள்ளிக்கூடத்துக்குத் தினம் லீவு. ஐந்தாம் நாள் நாலு வீட்டுச் சுவர் சரிந்தது. வத்தல்மலை இருக்கிற திசையே தெரியவில்லை, ஒரே சாம்பல்.

ஆறாம் நாள், சனிக்கிழமை மதியம், சென்னப்பனைக் காணோம் என்று தேடினார்கள். அந்தக் குழிக்குள் கிடந்தார். மழைத்தண்ணீர் நிறைந்த குழியில் தலைகீழாக, கால் இரண்டும் வெளியே. இழுத்துப் போட்டபோது வாய் நிறையச் சேறு. பல் உடைந்திருந்தது. வழுக்கி விழுந்துவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். ஆனால் தூக்கியவர்களில் முனிராஜும் ஒருவன். அவர் கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தன. பிரிக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். மணிக்கட்டைச் சுற்றிச் சதை அறுந்து எலும்பு தெரிந்தது. கட்டியிருந்தது எதுவும் இல்லை.

அடுத்தது தான்தான் என்று முனிராஜுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. "அமுதாக்கா கோவத்துல இருக்கறாங்க. கால்ல விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுரணும்" என்று மலர்விழியிடம் சொன்னான். அவளும் தலையாட்டினாள். யாரிடம் கேட்க வேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகமே இல்லை.

பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, ஏரிக்கரை கசிய ஆரம்பித்தது. உடைந்தால் கீழே இருக்கிற அறுபது வீடும் போகும். முனிராஜ் வீடு முதல் வரிசை. வேறு வழியில்லாமல் வண்டியை எடுத்தான். ஆட்கள் மணல் மூட்டையோடு மதகுப் பக்கம் நின்றார்கள். மண் எடுக்கிற இடம் சுடுகாட்டு ஓரம். ஆட்களுக்கும் அவனுக்கும் நூறடி இருக்கும்.

மணி மூன்று ஐம்பதுக்கு வேலையைத் தொடங்கினான். ஏழு பக்கெட் மண் போட்டான்.

நாலு மணி பத்து நிமிஷம். டேஷ்போர்டில் ஒட்டியிருந்த போனில் பார்த்தான், அதனால் நேரம் சரியாகத் தெரியும். இன்ஜின் நின்றது. இருமவில்லை, திணறவில்லை. யாரோ சாவியைத் திருப்பியது போல நின்றது.

சாவி அவன் திருப்பிய இடத்திலேயே இருந்தது.

கூரை மேல் மழைச் சத்தம். தடதடவென்று. அதற்கு நடுவில் இன்னொரு சத்தம்.

டொக்… டொக்…

கண்ணாடியில்.

இடது பக்கம் பார்த்தான். யாரும் இல்லை. கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. அதில் கை அச்சு. இரண்டு கை. விரல்கள் பக்கத்தில் பக்கத்தில், மணிக்கட்டு ஒட்டியபடி. சேற்று அச்சு. அதிலிருந்து தண்ணீர் வழிந்து சீட்டில் சொட்டியது.

அச்சு உள்பக்கம் இருந்தது.

மழையில் டயர் எரிகிற நாற்றம் வந்தது.

கதவைத் தள்ளினான். அசையவில்லை. தோளால் இடித்தான். காலால் உதைத்தான். ஹார்னை அழுத்தினான். சத்தம் இல்லை. நூறடியில் ஆட்கள் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூடத் திரும்பவில்லை.

சீட்டுக்குப் பின்னால் மூச்சு… ஈரமான மூச்சு. சேறு குழம்புகிற மாதிரி.

அவனுக்கு ஒன்றுதான் தோன்றியது. மன்னிப்பு.

"அமுதாக்கா…" என்றான்.

மூச்சு நின்றது.

அவன் இடது கையில் ஏதோ ஜில்லென்று சுற்றியது. கம்பி. சுண்டு விரலில் இறுகியது. இறுகியது… எலும்பில் போய் நின்றது. அப்புறம் ஒரே இழுப்பு.

விரல் ஸ்டியரிங் மேல் விழுந்தது.

அலறினான். ரத்தம் முன்கண்ணாடி முழுக்கத் தெறித்தது. அலறல் அவன் காதுக்கே கேட்கவில்லை.

பின்னாலிருந்து மறுபடி மூச்சு. மெதுவாக. அவன் பேசுவதற்காகக் காத்திருக்கிற மாதிரி.

"அக்கா… அமுதவல்லிக்கா… தெரியாம பண்ணிட்டேன்க்கா…"

தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தது. முகத்தைக் கண்ணாடியில் மோதியது. ஒரு தடவை. இரண்டு. மூன்று. மூக்கு உடைந்த சத்தம் கேட்டது. மோதிர விரலில் கம்பி.

அறுத்தது.

நின்றது.

மறுபடி அதே மூச்சு. அதே காத்திருப்பு. காதுக்குப் பக்கத்தில்.

டொக்… டொக்… கண்ணாடியில். பதில் சொல் என்பது போல.

"அமுதா…"

நடுவிரல்.

அப்புறம் அவனுக்குப் பேச்சு வரவில்லை. வாயில் ரத்தமும் சேறும். சேறு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவன் வாய் மூடியதும் அதுவும் சும்மா இருந்தது. அந்தச் சும்மா இருந்ததுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை என்பான் முனிராஜ்.

நாலு இருபத்து மூன்றுக்கு, வண்டி அசையாமல் நிற்பதைப் பார்த்து வந்த மணல் மூட்டைக்காரர்கள் கதவைத் திறந்து அவனை வெளியே இழுத்தார்கள். கதவு பூட்டியிருக்கவில்லை என்று சொன்னார்கள். கை ஏதோ லீவரில் சிக்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக்கொண்டார்கள். மூன்று விரலில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கரை எப்படியோ தாங்கியது. மறுநாள் காலை மழை விட்டது.

நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கண்ணம்மாள் வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். முனிராஜ் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர்.

"பெரிம்மா, அமுதாக்காகிட்ட நீங்களாவது சொல்லுங்க. என்ன வுட்டுரச் சொல்லுங்க."

"எம் மவ பேர எதுக்குடா இழுக்கற?" என்றாள் கண்ணம்மாள். "அவ உன்ன ஒண்ணும் பண்ணல."

"நாங்கதான் அவங்கள தோண்டி…"

"நீங்க அவளத் தொடவே இல்ல. மழை பேயலன்னா இந்த ஊரு என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாதா? அவள வத்தல்மலைக்கு எடுத்துக்கிட்டுப் போய் எந்தம்பி காப்பித் தோட்டத்துல வெச்சிட்டேன். நல்லாத் தூங்கறா. இங்க ரெண்டடி தோண்டி அவ சேலைய மட்டும் போட்டு மூடினேன். ஏமாறட்டும்னு."

முனிராஜ் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான்.

"அப்ப… அந்த எலும்பு?"

"அதத்தான் கேக்க வந்தேன்" என்றாள் கண்ணம்மாள். "அது யாருடா?"

யாருக்கும் தெரியவில்லை. தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் சென்னப்பன். கம்பியைப் பார்த்து அவர் ஏன் வாயடைத்துப் போனார் என்று இனி அவரிடம் கேட்க முடியாது. எலும்பும் சாம்பலாகிவிட்டது. ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல வழியில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் உங்களிடம் சொல்லியே இருக்க மாட்டேன். போன மாதம் ஊரில் மறுபடி மழை. நாலு பத்துக்கு முனிராஜ் வீட்டு ஜன்னலில் டொக்… டொக்… என்று தட்டியது. உள்பக்கம். அதற்கடுத்த மழைக்கும் தட்டியது. அவன் பேசாமல் உட்கார்ந்திருந்தான். பதிமூன்று நிமிஷம் நின்றுவிட்டுப் போய்விட்டது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்த மூச்சு கொஞ்சம் கிட்டே வருகிறது என்கிறான். கடைசியாக வந்தபோது தொட்டிலில் குழந்தை இருந்தது. மூச்சு தொட்டில் பக்கத்தில் கேட்டது.

அதன் பேரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டால் போய்விடும். அதற்கு வேண்டியது அது ஒன்றுதான் என்று அவன் அடித்துச் சொல்கிறான். தப்பான பேரைச் சொன்னால் என்ன ஆகும் என்றும் அவனுக்குத் தெரியும்.

போலீஸ் ஸ்டேஷனில் தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து, சுற்று வட்டாரத்தில் இருபது வருஷத்தில் காணாமல் போய்த் திரும்பாதவர்கள் பட்டியலை வாங்கி வைத்திருக்கிறான். நான் பார்த்தேன். மொத்தம் நூற்று எண்பத்திரண்டு பேர்.

அவனுக்கு மிச்சம் இருப்பது ஏழு விரல்.