உப்பக்காவும் பதின்மூன்று கெண்டைகளும்

மனிதர்களைப் பற்றி உப்பக்காவுக்கு எந்தக் காலத்திலும் உயர்ந்த அபிப்பிராயம் இருந்ததில்லை. மீன்களைப் பற்றியும் அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை. "மீனுக்கு மூளை கடுகளவுதான். ஆனா இருக்கற கடுகை அது வீணாக்கறதில்ல" என்பாள்.

குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பாட்டில் கழுவுகிற வேலை. பத்தொன்பது வருஷமாக அதே தொட்டி, அதே பிரஷ். ஊரின் நாலா மூலையிலிருந்தும் தண்ணீர் பிடித்து வர தினம் நாற்பது பாட்டில் போகும். ஒவ்வொன்றையும் கழுவிக் காய வைத்து, அடியில் தயோசல்பேட் கரைசல் சில சொட்டு விட்டு, மூடி போட்டு அனுப்ப வேண்டும். குழாய்த் தண்ணீரில் இருக்கிற குளோரினை அந்தச் சொட்டு முறித்துவிடும்; இல்லையென்றால் வருகிற வழியிலேயே கிருமி செத்து, கெட்ட தண்ணீரும் நல்ல தண்ணீர் என்று காட்டும். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்த கெமிஸ்டுகளில் பாதிப் பேருக்கு அந்தச் சொட்டை விடாமல் போனால் என்ன ஆகும் என்று கேட்டால் பதில் வராது. கேட்டுப் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து அவர்களையும் அவள் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை.

மீன் விவகாரம் அந்த ஆபீஸ் வாசலில்தான் ஆரம்பித்தது. பழைய அதிகாரி ஒருவர் ஆசைப்பட்டு அங்கே சிமெண்டுக் குளம் ஒன்று கட்டியிருந்தார். அவர் மாற்றலாகிப் போனதும் வந்தவர், அதை மூடி வண்டி நிறுத்த இடம் செய்யச் சொன்னார். தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். எட்டு மீன் சேற்றில் துள்ளிக்கொண்டிருக்க, மாடி வராந்தாவில் முப்பது பேர் டீ கிளாஸோடு நின்று பார்த்தார்கள். "அய்யோ பாவம்" என்று முப்பது பேரும் சொன்னார்கள். ஒருத்தர்கூட கிளாஸைக் கீழே வைக்கவில்லை. உப்பக்கா பாட்டில் கழுவுகிற வாளியோடு இறங்கி எட்டையும் அள்ளினாள். அன்று முதல் யாராவது "அய்யோ பாவம்" என்றால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விஷயம் வாய்க்கு வாய் பரவியது. குளம் ஓட்டையாகிவிட்டது, பம்பு நின்றுவிட்டது, வீட்டை விற்கிறோம் என்று ஆட்கள் அவளைத் தேட ஆரம்பித்தார்கள். எதற்கும் முதல் கேள்வியாக "கல்லுப்பு இருக்கா?" என்பாள், இல்லையென்றால் தன் பையிலிருந்து எடுப்பாள். அதனால் வந்த பெயர்தான் உப்பக்கா. காப்பாற்ற வருகிறவள் என்பதைவிடத் திட்ட வருகிறவள் என்றுதான் அவள் பேரெடுத்தாள். மீனுக்கு வைத்தியம் இலவசம். கூடவே உரிமையாளருக்கு அர்ச்சனையும் இலவசம்.

அவள் வீட்டுக்காரர் தண்ணீர் கேன் போடுகிற சின்ன வேன் ஓட்டினார். வீட்டின் பின்புறத்தில் நான்கு நீல டிரம்களில் எப்போதும் பாதியளவு பழைய தண்ணீர் நிற்கும். "ஊருக்கெல்லாம் தண்ணி போடறவன் வீட்டுல குளிக்கத் தண்ணி இல்ல, மீனுக்கு மட்டும் இருக்கு" என்று அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். சொல்வாரே தவிர, டிரம் காலியானால் மறுநாளே ரொப்பி வைப்பவரும் அவர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பொன்மொழி போன் செய்தார். அது உப்பக்கா அவருக்கு வைத்த பெயர். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கண்ணை மூடித் திறந்து, அன்பே வாழ்வு, பொறுமையே பலம் என்று பேசி, செல்போனில் வீடியோ போட்டுப் பிழைக்கிற மனிதர். அவர் முதுகுக்குப் பின்னால் பேச்சுக்கு அழகாக ஒரு குளமும், அதில் சிவப்பும் வெள்ளையுமாக வண்ணக் கெண்டைகளும் எப்போதும் தெரியும். இரண்டு மாதம் முன்பு தண்ணீர் பச்சையாகிவிட்டது என்று அவளைக் கூப்பிட்டிருந்தார். "பச்சை அழுக்கில்ல, பாதி மருந்து. கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"அம்மா, மீனெல்லாம் மேல வந்து வாயை வாயைத் திறக்குது. ஏதோ சொல்ல வர்ற மாதிரியே இருக்கு" என்றார்.

"உங்களைத்தான் திட்டுது. தண்ணிய மாத்துனீங்களா?"

"கொஞ்சம் சுத்தம் பண்ணோம். மூணு மணிக்குப் படம் பிடிக்க வர்றாங்க."

"எதைப் போட்டுச் சுத்தம் பண்ணீங்க?"

மறுமுனையில் தொண்டையைக் கனைத்தார். பிறகு, "தோட்டக்காரர் ஏதோ பவுடர் போட்டுத் தேய்ச்சாரு. வெள்ளையா இருந்துச்சு."

"மீன் உள்ள இருக்கும்போதேவா?"

"ஓரமாத்தான் தேய்ச்சாரு."

குளத்துக்கு ஓரம் வேறு நடு வேறா? பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, அதன் மேல் குழாய்த் தண்ணீரையும் ரொப்பியிருக்கிறார்கள். உப்பக்காவுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. "நான் வர்ற வரைக்கும் வாளியால தண்ணிய மொண்டு மொண்டு மேலேருந்து ஊத்திக்கிட்டே இருங்க. நிறுத்தக் கூடாது" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

வீட்டுக்காரர் அப்போதுதான் காலை நீட்டிப் படுத்திருந்தார். "ஞாயித்துக்கிழமையாவது என்னை மனுஷனா இருக்க விடேன்."

"மத்த நாள்ல மட்டும் என்னவா இருந்தீங்களாம்? எந்திரிங்க, டிரம்மை ஏத்தணும்."

பொன்மொழியின் வீட்டு கேட்டிலேயே நீச்சல்குள வாசனை முகத்தில் அடித்தது. குளம் பளிங்கு மாதிரி இருந்தது. அடியில் கிடந்த கூழாங்கல்லை ஒவ்வொன்றாக எண்ணலாம். ஐந்து மீன் வயிற்றைக் காட்டி மிதந்தன. மற்றவை ஓரமாக மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறின. தோட்டக்காரர் மட்டும் வாளியும் கையுமாக நின்று, சொன்னபடி தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். வயசான ஆள். பொன்மொழி உள்ளே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

உப்பக்கா முதலில் பையிலிருந்து பழைய மருந்து பாட்டிலை எடுத்தாள். அதில் கற்கண்டு மாதிரி தயோசல்பேட் கட்டிகள். அதை வாளியில் கரைத்து மூலை மூலையாக ஊற்றினாள். பிறகு முழங்கால் வரை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினாள். முழங்கை நீளத்துக்கு வளர்ந்த மீனை வலையில் தூக்கினால் செதில் பிய்ந்துவிடும் என்பதால், பழைய போர்வை ஒன்றை நனைத்துத் தொட்டில் மாதிரி பிடித்து, தண்ணீரோடு சேர்த்து ஒவ்வொன்றாக மேலே தூக்கினார்கள். ஒரு முனை அவள், மறுமுனை வீட்டுக்காரர்.

"பிளீச்சிங் பவுடரைக் கொட்டணும்னு உனக்கு யாருய்யா சொன்னது?" என்று தோட்டக்காரரைக் கேட்டாள்.

"ஐயாதாங்க. கண்ணாடி மாதிரி இருக்கணும்னாரு."

"ஐயா கிணத்துல குதின்னா குதிப்பியா?"

"நம்ம தோட்டத்துல கிணறு இல்லீங்களே."

உப்பக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டுகிற வார்த்தைக்கும் ஒரு தரம் வேண்டாமா? அதை வீணாக்க மனசில்லாமல் போர்வையைப் பிடித்தாள்.

பத்து மீன் டிரம்முக்குள் போனபோது பொன்மொழி மடிப்புக் கலையாத சட்டையோடு வெளியே வந்தார். செத்த மீன்களைப் பார்த்துக் கண்ணை மூடினார், திறந்தார். "அய்யோ பாவம்" என்றார்.

வீட்டுக்காரர் அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஒரே ஒரு உதவி அம்மா" என்றார் பொன்மொழி. "மூணுலேருந்து நாலு வரைக்கும் மட்டும் மீன் உள்ள இருக்கட்டும். படம் முடிஞ்சதும் தாராளமா எடுத்துக்கிட்டுப் போங்க. இன்னைக்குத் தலைப்பே 'சின்ன உயிர், பெரிய அன்பு'."

"அந்த அஞ்சு இருக்கே, அதை வெச்சு எடுத்துக்குங்க. அதுங்க ஆடாம அசையாம இருக்கும், படம் நல்லா வரும்."

"நீங்க கோபத்துல இருக்கீங்க. மூச்சை ஆழமா இழுத்து விடுங்க."

"காலையிலேருந்து அதுங்களும் அதைத்தான் முயற்சி பண்ணுதுங்க" என்று சொல்லி, அவள் பதினோராவது மீனைத் தூக்கினாள். அதை டிரம்மில் விட்டுவிட்டு நனைந்த போர்வையை உதறிய உதறலில் இஸ்திரி போட்ட சட்டை இடுப்பு வரை நனைந்தது. வேண்டுமென்றே செய்தாளா என்று வீட்டுக்காரர் பிற்பாடு கேட்டதற்கு, "பின்ன?" என்றாள்.

பதினெட்டில் பதின்மூன்று தேறின. அந்தக் குளத்துக்கு இனி சில வாரங்களுக்கு எதையும் திருப்பி விட முடியாது. டிரம்மில் உப்புப் போட்டு, பேட்டரிக் காற்றுப் பம்பை மாட்டி, ஈரச் சாக்கால் மூடி, வண்டியைத் தெருமுனையில் நிறுத்தி, மீனுக்கு இடம் கேட்க அவள் போனை எடுத்தாள். முதலில் பல் டாக்டர். அவர் ஆஸ்பத்திரி வாசலில் பெரிய தொட்டி உண்டு. "என்ன கலர்? நம்ம சுவர் நீலம், ஒத்துப்போகுமா?" என்று கேட்டார். அடுத்து ஹோட்டல் மேனேஜர். அவர் மிகுந்த சந்தோஷத்தோடு, "ஒவ்வொண்ணும் எத்தனை கிலோ இருக்கும்?" என்றார். மூன்றாவதாக அவளுடைய அக்கா புருஷன். அவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அவர் யோசித்து முடிப்பதற்குள் மீனுக்குக் கருமாதியே முடிந்துவிடும்.

"பழைய இரும்புக்காரன்கிட்ட ஒரு தொட்டி கிடக்கு. ஐஸ் பேக்டரியிலேருந்து வந்த பைபர் தொட்டி. மழைத்தண்ணி ரொம்பி நிக்குது" என்றார் வீட்டுக்காரர்.

"அவன்கிட்டயா?"

ஒன்பது வருஷம் முன்பு அவள் அம்மாவின் தையல் மிஷினை அந்த ஆளிடம்தான் போட்டாள். அவள் வாசலைத் தாண்டுவதற்குள் சம்மட்டியை எடுத்து, அவள் கண் முன்னாலேயே அதை நாலாக உடைத்தான். ஈவிரக்கமில்லாத ஜென்மம் என்று அன்று முடிவு கட்டியவள், அதற்குப் பிறகு அந்தத் தெரு வழியாகப் போவதைக்கூட விட்டுவிட்டாள். ஆனால் மூன்றாவது டிரம்மில் இரண்டு மீன் ஒருக்களித்துச் சாய ஆரம்பித்திருந்தன. "சரி, விடுங்க வண்டிய" என்றாள்.

பழைய இரும்புக்காரர் தரையில் உட்கார்ந்து செம்புக் கம்பியை உரித்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து சாக்கை விலக்கி உள்ளே பார்த்தார். "அய்யோ பாவம்" வரும் என்று உப்பக்கா காத்திருந்தாள். வரவில்லை.

"பொழைக்குமா?" என்றார்.

"நல்ல தண்ணி கிடைச்சா பொழைக்கும்."

"அந்தத் தொட்டியில ஆறு மாசத் தண்ணி, பச்சைப் பசேல்னு கிடக்கு. ஆகுமா?"

"அதான் வேணும்."

"என்ன செய்யணும்னு ஒரு தடவ சொல்லு. போதும்."

தொட்டித் தண்ணீரை பிளாஸ்டிக் மக்கால் கொஞ்சம் கொஞ்சமாக டிரம்மில் கலக்க வேண்டும். எடுத்த எடுப்பில் மீனை உள்ளே போட்டால் அதற்குப் பழகாத தண்ணீர் தாங்காது என்று சொன்னாள். அவர் மக்கை எடுத்தார். முக்கால் மணி நேரம் வெயிலில் நின்று ஊற்றினார். வேகப்படுத்தவில்லை, கதை பேசவில்லை, போதுமா என்று கேட்கவில்லை. எப்போது சொதப்புவார் என்று பக்கத்திலேயே நின்று பார்த்த உப்பக்காவுக்கு எரிச்சல்தான் மிஞ்சியது. திட்ட ஒன்றுமே அகப்படாத ஆளின் எதிரில் நின்று அவளுக்குப் பழக்கமில்லை.

கடைசி மீனும் பச்சைக்குள் இறங்கி மறைந்தபோது அவளால் பொறுக்க முடியவில்லை. "அன்னிக்கு எங்கம்மா மிஷினை என் கண்ணு முன்னாடியே ஏன் உடைச்சே?"

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "எந்த மிஷின்?"

ஒன்பது வருஷ வெறுப்பு. அந்த ஆளுக்கு அது நினைவிலேயே இல்லை. உப்பக்கா போய் வண்டியில் ஏறிக்கொண்டாள். வழி நெடுக வீட்டுக்காரர் அந்தப் பேச்சைக் கிளறவில்லை. அதற்காக அன்று அவரை அவள் கொஞ்சம் மதித்தாள்.

இரண்டு மீன் அடுத்த இரண்டு நாளில் செத்தன. பதினொன்று பிழைத்தன. பழைய இரும்புக்காரர் தொட்டி மேல் கம்பி வலை அடித்து, பாதிக்குத் தகரம் போட்டு நிழலும் செய்திருந்தார். அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

நான்காவது வாரம் உப்பக்கா அங்கே தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருந்தபோது பொன்மொழியின் கார் வந்து நின்றது. குளம் தயார், மீனைத் திரும்பக் கொடுங்கள் என்றார்.

"இந்த கேட்டுக்குள்ள வந்தது வந்ததுதான் சார். திருப்பித் தர்ற பழக்கமில்ல" என்றார் பழைய இரும்புக்காரர்.

பொன்மொழி உப்பக்கா பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்களே சொல்லுங்க. அது என் மீன்."

"சரி. மொத்தம் எத்தனை மீன் வெச்சிருந்தீங்க?"

அவர் கண்ணை மூடித் திறந்தார். "ஒரு... இருபது, இருபத்தஞ்சு?"

"பதினெட்டு."

"எண்ணிக்கையா முக்கியம்? அன்புதானே..."

"போய் எண்ணக் கத்துக்கிட்டு வாங்க" என்று சொல்லி அவள் மறுபடி தொட்டிக்குள் குனிந்துகொண்டாள். கார் சத்தம் தேயும்வரை நிமிரவேயில்லை. அடுத்த வாரமே பொன்மொழி 'விட்டுக்கொடுத்தலின் இன்பம்' என்று அரை மணி நேரம் பேசி வெளியிட்டார். உப்பக்கா அதைக் கடைசி வரை பார்த்தாள். வெறுப்பதை அரைகுறையாகச் செய்வது அவளுக்குப் பிடிக்காது.

இப்போது பழைய இரும்புக் கடையில் மூன்று தொட்டிகள். வேண்டாத மீனை எங்கே கொண்டு போடலாம் என்பது ஊருக்கே தெரிந்துவிட்டதால், ஞாயிற்றுக்கிழமைகளில் உப்பக்கா அங்கேதான் நிற்கிறாள். வாங்கிக்கொள்வது பழைய இரும்புக்காரர் பொறுப்பு. திட்டுவது அவள் பொறுப்பு. போன வாரம் ஒரு பெண்மணி காரை அணைக்காமலே இறங்கி, கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு மீனை நீட்டினாள்.

"நாங்க வீடு மாத்தறோம்க்கா. புது வீட்டுல இடம் பத்தாது. அதான் விட்டுட்டுப் போலாம்னு."

உப்பக்கா கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, காருக்குள் உட்கார்ந்திருந்த அவள் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். "அப்ப இவரையும் இறக்கிவிட்டுட்டுப் போறீங்களா? இடம் இன்னும் கொஞ்சம் கிடைக்குமே."

உள்ளே கம்பி உரித்துக்கொண்டிருந்த பழைய இரும்புக்காரர் தலையைத் தூக்காமலே கத்தினார்: "வேணாம்! தொட்டி ரொம்பிடுச்சு!"