கொக்கி விரல் பதிந்த அட்டை

டிப்போவில் அவரைப் பெயர் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. 'கலர் கை' என்று கேட்டால் வாட்ச்மேன்கூடக் கையைக் காட்டிவிடுவார். பஸ் ஓட்டும் அந்த விரல்களின் நகக்கண்ணில் எப்போதும் நீலமோ ஊதாவோ ஒட்டியிருக்கும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து வாழ்த்து அட்டை செய்ய உட்கார்ந்துவிடுவார்.

இடுப்பு வலிக்காக எடுத்த எக்ஸ்ரே படங்களைக் கழுவி, குருவியும் இலையுமாக வெட்டி வைத்திருந்தார். அதுதான் ஸ்டென்சில். அதை அட்டைமேல் வைத்து, காற்றுக்கு நகராமல் மூலைகளில் பஸ் நட்டுகளைப் பாரமாக வைத்து, பாட்டிலிலிருந்து மையைப் புகைபோலத் தெளிப்பார். வெட்டிய இடத்தில் மட்டும் நிறம் இறங்கும்.

"உங்க இடுப்பெலும்புல எத்தனை குருவி பறக்குதுன்னு டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க" என்பாள் மனைவி.

யாருக்குப் பிறந்தநாள் என்றாலும், யார் ஓய்வு பெற்றாலும் அவர் அட்டை போகும். மகளுக்கு மட்டும் போகவில்லை. தான் விரும்பியவனைக் கட்டிக்கொண்டு வந்து நின்றவளிடம், "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதே" என்று சொல்லிவிட்டார். அன்று மாலையே வருந்தினார். ஆனால் வீம்பு விடவில்லை. மகளின் போன் வந்தால் மனைவி பேசுவாள். இவர் குழாயடிக்குப் போய், கழுவிய பாட்டிலையே மறுபடி கழுவிக்கொண்டிருப்பார்.

இப்போது மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது.

"போய்ப் பாத்துட்டு வரலாம், வாங்க."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது? முதல்ல ஒரு அட்டை அனுப்பறேன். அதைப் பிரிச்சுப் பாக்கறாளான்னு தெரியட்டும்."

மனம் ஒரு நிலையில் இல்லாததால் கை சொன்னபடி கேட்கவில்லை. மை காய்வதற்குள் ஸ்டென்சிலைத் தூக்கினார், குருவியின் இறக்கை கரைந்து ஓடியது. இன்னொன்றில் வால் போனது.

"சிக்னல்ல பஸ்ஸ நிறுத்தத் தெரியுது. ஒரு குருவி காயற வரைக்கும் பொறுக்க முடியலையா?"

"நீ சும்மா இரு. இதுதான் கடைசி அட்டை."

அந்தக் கடைசி அட்டையில் நட்டு வைக்க மறந்துவிட்டார். பாதி தெளித்திருப்பார். "இப்படி வேர்க்குதே உங்களுக்கு" என்று மனைவி ஃபேனைப் போட்டாள். ஸ்டென்சில் பறந்தது. பிடிக்கப் பாய்ந்த இடது கை அட்டையின் மேலேயே விழுந்தது. வலது கை பதற்றத்தில் மை பாட்டிலை அழுத்திக்கொண்டே இருந்தது.

கையை எடுத்துப் பார்த்தார். மூலையில் அரைக் குருவி. நடுவில், நீலப் புகைக்குள், வெள்ளையாக அவருடைய கை. எப்போதோ பஸ் கதவில் சிக்கி வளைந்துபோன சுண்டுவிரலும் அப்படியே விழுந்திருந்தது. சின்ன வயதில் மகள் அதற்குக் 'கொக்கி' என்று பெயர் வைத்திருந்தாள். ரோட்டைக் கடக்கும்போதெல்லாம் அந்த விரலைத்தான் பிடித்துக்கொள்வாள்.

"நாசமாப் போச்சு" என்று கசக்கப் போனார்.

மனைவி வெடுக்கென்று பிடுங்கினாள். "இதுதான் போகுது. நீங்க வாயத் திறக்காதீங்க." மை காய்ந்ததும் அவளே உறையில் போட்டு, அவளே கொண்டுபோய் அனுப்பினாள்.

சில நாள் கழித்து போன் அடித்தது. அவர் வழக்கம்போல் பாட்டிலோடு எழுந்தார். மனைவி குறுக்கே வந்து போனை அவர் காதில் வைத்தாள்.

"அப்பா..." என்றது மகளின் குரல். "கொக்கி இன்னும் அப்படியேதான் இருக்கா?"

"அது எங்கேம்மா போகப்போகுது?" பாட்டிலைக் கீழே வைத்தார். "நான்... வரட்டுமா?"

"வாங்கப்பா. பாப்பா எந்த விரல் கெடச்சாலும் பிடிச்சுக்கறா. கையக் கழுவிட்டு வாங்க."

பழைய பல் பிரஷ்ஷை எடுத்து நகக்கண்ணைத் தேய் தேய் என்று தேய்த்தார். நீலம் போவதாக இல்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு மனைவி கூப்பிட்டாள். அந்தக் கையோடே கிளம்பினார்.