சர்வர் என் மடியில் இருந்தது

காரைக்குடியில் செல்வி அக்கா நடத்தும் கம்ப்யூட்டர் சென்டருக்கு இன்று காலை போயிருந்தேன்.

அங்குள்ள மெஷின் எதிலும் ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஆன் செய்ததும் "நான் இயங்க யார் லினக்ஸ் மென்பொருள் தருவீர்கள்?" என்று நெட்வொர்க்கில் கேட்கும். முதலில் பதில் சொல்பவர் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். அந்த மெஷின்களைப் பார்த்துக்கொள்பவன் நான்; பதில் சொல்வதற்கு அங்கே ஒரு சர்வர் வைத்திருக்கிறேன்.

கட்டடம் முழுவதற்கும் ஒரே நெட்வொர்க். கீழே பல் டாக்டரும் செல்போன் கடையும், மாடியில் ஆடிட்டர் ஆபீஸ். தனியாகப் பிரிக்கலாம் என்றபோது, "எல்லாரும் தெரிஞ்சவுகதானே தம்பி" என்றார் அக்கா.

இன்று சர்வரைக் கழற்றி மடியில் வைத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். பழக்கத்தில் அக்கா மெஷின்களை ஆன் செய்துவிட்டார்.

எல்லாத் திரையிலும் எங்கள் லாகின் பக்கம் வந்தது. சென்டர் பெயரோடு.

"அக்கா, வேற சர்வர் எதுவும் வாங்கிப் போட்டிருக்கீகளா?"

"நான் எங்க வாங்க? கொஞ்ச நாளாவே முன்னைக்கு இப்ப வேகமா வருது. நீங்கதான் என்னமோ சரி பண்ணிட்டீகன்னு நெனச்சேன்."

வேலைக்கு விண்ணப்பிக்க வந்த ஒரு பெண் அதற்குள் பாஸ்வேர்டு அடித்துவிட்டாள். அதைச் சரிபார்க்க வேண்டிய சர்வர் என் மடியில் கிடந்தது. ஆனாலும் மெஷின் அவளை உள்ளே விட்டது; பாஸ்வேர்டு இந்தக் கட்டடத்தில் வேறு யாரிடமோ போயிருக்கிறது.

மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். டாக்டர், கடைக்காரர், ஆடிட்டர் மூவரும் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போனார்கள்.

யார் கதவை முதலில் தட்டட்டும்? நிதானமாகச் சொல்லுங்கள். முதலில் வரும் பதிலை நம்புவதை இன்றோடு விட்டுவிட்டேன்.