பிளக்கைப் பிடுங்கிய பிறகும்

என் மாமனாருக்குக் கடைத்தெருவில் ‘உஷ்’ என்று பெயர். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர்கள் அங்கே நிறைய உண்டு. ஆனால் சத்தம் தாங்கவில்லை என்று வருகிறவர்கள் நேராக இவரிடம்தான் வருவார்கள். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, உள்ளே ஓடுகிற விசிறிகளின் நடுவில் ஒவ்வொன்றாக விரலை வைத்து ஒரு கணம் நிறுத்திப் பார்ப்பார். எது நின்றால் சத்தம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. பிறகு தூசி ஊதி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இரும்புத் திருகுக்குப் பதிலாக ரப்பர் வைத்து மாட்டித் தருவார். பெண் பார்க்கப் போன அன்று என்னையும் அப்படித்தான் பார்த்தார், எங்கே விரல் வைத்தால் வாயை மூடுவேன் என்று.

ஊரார் பெட்டிகளையெல்லாம் அடக்கியவரால் வீட்டில் தன் மனைவியின், அதாவது என் அத்தையின், கம்ப்யூட்டரை மட்டும் தொட முடியவில்லை. அத்தை மொழிபெயர்ப்பு வேலை செய்துவந்தார். அவர் அறையிலிருந்து நாள் முழுக்க ‘ம்ம்ம்’ என்று ஒரே சீராக முனகல் வரும். மாமா எண்ணெய்க் குப்பியோடு போனால் அத்தை விரட்டிவிடுவார்.

“இது ஓடற சத்தம் கேட்டா நான் இருக்கேன்னு அர்த்தம். விடுங்க.”

அத்தை இறந்த பிறகு அந்தக் கம்ப்யூட்டர் என் மனைவிக்கு வந்தது. வீட்டிலிருந்தே பாடங்களைப் பேசிப் பதிவுசெய்து அனுப்புகிற வேலைக்கு அவள் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். மாமா பழைய விசிறிகளைக் கழற்றி எறிந்துவிட்டு, மெதுவாகச் சுற்றும் பெரிய விசிறிகளை மாட்டினார். மகளின் வேலையாயிற்றே என்று ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அப்படியும் அவள் குரலுக்கு அடியில் அதே முனகல் கேட்டது. பாடங்கள் திரும்பித் திரும்பி வந்தன. இன்று சாயங்காலத்துக்குள் சத்தமில்லாமல் ஒரு பாடம் வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று கடைசியில் சொல்லிவிட்டார்கள்.

அன்று மத்தியானம் மூன்று பேரும் அந்த அறையில் இருந்தோம். மாமா விசிறிகளில் வரிசையாக விரல் வைத்தார். முனகல் நிற்கவில்லை. கம்ப்யூட்டரை அணைத்தார். நிற்கவில்லை. பிளக்கையே பிடுங்கினார். செத்த பெட்டிக்குப் பக்கத்தில் அத்தையின் விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

மாமா எழுந்துபோய்ச் சுவரில் காதை வைத்தார். சத்தம் அங்கே இருந்தது. அலமாரியைத் திறந்தார். அங்கேயும் இருந்தது. அவர் போன இடமெல்லாம் கூடவே போயிற்று.

“கவனிச்சியாம்மா?” என்றார் மகளிடம், குரலைத் தாழ்த்தி. “நான் பேசினா மட்டும் நின்னுடுது. நம்ம பேச்சை கேக்குது.”

சொல்லிவிட்டு வாயை மூடினார். முனகல் மறுபடி ஆரம்பித்தது. நான் நைசாகக் கதவுப் பக்கம் நகர்ந்தேன். என் வீரம் அவ்வளவுதான். என் மனைவி நகரவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் அருகில் போய், அவர் விசிறிக்கு வைப்பதுபோலவே, அவர் தொண்டையில் ஒரு விரலை வைத்தாள்.

சத்தம் நின்றது.

“நானா?” என்றார் மாமா. அடுத்தவர் பெட்டியில் நூல் அளவு சத்தத்தையும் பிடித்துவிடுகிறவருக்குத் தன் தொண்டையில் இத்தனை நாள் ஓடியது கேட்கவே இல்லை. எனக்குப் பயம் போய் அழுகை வந்தது.

“அம்மாவோடதா?” என்று கேட்டார்.

“அப்படியே அம்மாவோடதுதான்ப்பா.”

அவர் தலை குனிந்தார். தான் கடைக்குப் போய்விடுவதாகவும் அவள் பாடத்தை எடுக்கலாம் என்றும் சொல்லிச் செருப்பைத் தேடினார். அவள் விடவில்லை. தொண்டையிலிருந்த விரலை எடுக்காமலே, இன்னொரு கையால் தோளைப் பிடித்து அந்த நாற்காலியில் உட்காரவைத்தாள்.

“சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்குப்பா. கொஞ்ச நேரம் ஓடட்டும்” என்று சொல்லி, விரலை எடுத்தாள்.